புத்தி சொன்னவர்கள்: காவிரிப் படுகையின் உபதேசியார் மரபு

காவிரிப் படுகையில் கிறிஸ்தவம் வேரூன்றிய வரலாற்றை எழுதியோர் பெரும்பாலும் கப்பலேறி வந்த மிஷனரிமாரின் பெயர்களையே அத்தியாயத் தலைப்புகளாக இட்டிருக்கிறார்கள். ஆனால் தரங்கம்பாடியிலிருந்து தஞ்சாவூர் வரையிலும், இடையே மாயவரம், திருவாரூர், மன்னார்குடி என விரிந்து கிடந்த நெல்வயற் சீமையிலும், புதிதாகச் சபையில் சேர்ந்தவருக்கு ஜெபம் சொல்லிக்கொடுத்தவரும், அவர் தவறி நடந்தபோது வீடு தேடிப் போய்ப் புத்தி சொன்னவரும், பிணங்கிய குடும்பங்களை மறுபடியும் பேசவைத்தவரும் உபதேசியார் என்று அழைக்கப்பட்ட தமிழரே. குருப்பட்டம் பெறாமல், ஞானோபதேசம் கற்பிப்பதற்கென்று சபையால் அமர்த்தப்பட்டுச் சிறு சம்பளம் பெற்றவர் உபதேசியார். கத்தோலிக்கர் அவரை வேதியர் என்றும் வழங்கினர். அவர்களுள் சிலர் பின்னாளில் குருப்பட்டம் பெற்றபோது ஐரோப்பிய ஐயர்மாரிடமிருந்து வேறுபடுத்த நாட்டையர் என்று பெயர் பெற்றனர். திருத்துதல் என்னும் நுட்பமான வேலை மூன்று நூற்றாண்டுக் காலம் இவர்கள் கையில் எப்படி இருந்தது, எங்கே கனிந்தது, எங்கே பிசகியது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

இந்த வேலை தமிழர் கைக்கு வந்ததற்கு மிஷனரிமாரின் பெருந்தன்மையைக் காட்டிலும் அரசியல் எல்லையே முதற்காரணம். 1620-இல் தஞ்சை நாயக்க மன்னர் ரகுநாதர் டேனியருக்குத் தரங்கம்பாடியில் கோட்டை கட்ட இடங்கொடுத்தார்; அக்கோட்டையும் அதைச் சூழ்ந்த சில சிற்றூர்களுமே டேனிய ஆட்சிப் பகுதி. டென்மார்க் மன்னர் நான்காம் பிரடரிக் அனுப்பிய பார்த்தலோமேயு சீகன்பால்கும் ஹென்ரிக் புளுட்சோவும் 1706 ஜூலை 9-ஆம் நாள் அங்கே வந்திறங்கியபோது, சுற்றியிருந்த நாடு முழுவதும் தஞ்சை மராத்திய மன்னரின் ஆளுகையில் இருந்தது. அவர் அனுமதியின்றி ஐரோப்பியக் குரு ஒருவர் உள்நாட்டில் தங்கிப் பணிசெய்ய வழியில்லை. ஆகவே மன்னரின் குடியாகவே பிறந்த ஒருவர்தான் ஊரூராகப் போக முடிந்தது. அப்படிப் போனவரிடம் கோட்டை இல்லை, சிப்பாய் இல்லை, அபராதம் விதிக்கும் அதிகாரம் இல்லை. பிடிக்காவிட்டால் ஊரார் அவரைத் திண்ணையிலிருந்தே திருப்பி அனுப்பிவிடலாம். உபதேசியாரின் கனிவைப் பேசும்போது இந்த அதிகாரமின்மையையும் சேர்த்தே பேசவேண்டும்.

அவர் கையாண்ட சொற்களைக் கவனித்தால் வேலையின் தன்மை விளங்கும். தமிழ்க் கிறிஸ்தவ வழக்கில் திருத்துதலைக் குறிக்க ஒரு சொல் இல்லை, ஒரு சொல்வரிசை இருக்கிறது. முதலாவது புத்திசொல்லுதல், பக்கத்தில் அமர்ந்து தேற்றுவதும் ஊக்குவதும் அறிவுரை தருவதும் இதில் அடங்கும். அடுத்தது கடிந்துகொள்ளுதல், தவற்றை முகத்துக்கு நேரே பெயர் சொல்லிக் காட்டுவது. அதற்கும் மேற்பட்டது சிட்சை. வடமொழியில் கல்வியைக் குறித்த இச்சொல் தமிழ் வேதபுத்தக வழக்கில் தண்டனையையும் பயிற்சியையும் ஒருசேரக் குறிக்கிறது, எனவே சிட்சிக்கப்படுபவர் மாணவர் என்னும் நிலையை இழப்பதில்லை. இறுதியில் வருவது ஒப்புரவாகுதல். வள்ளுவர் ஒப்புரவறிதல் என்று ஓர் அதிகாரம் வகுத்தபோது ஊருக்கு உதவி வாழும் இயல்பைக் கருதினார். கிறிஸ்தவ மொழிபெயர்ப்பாளர்கள் அதே சொல்லைப் பகைத்தவர் மீண்டும் கூடுவதற்கு வழங்கினர். உலகத்தோடு பொருந்தி வாழ்தல் என்னும் பழைய பொருள் புதியதற்குள்ளும் ஒலித்துக்கொண்டே இருப்பதால், இந்த மாற்றத்தைத் தமிழ் கிறிஸ்தவத்துக்குத் தந்த நல்ல கொடைகளுள் ஒன்றாகக் கொள்ளலாம்.

இச்சொற்களுக்கு அடியில் இருந்த விதி மத்தேயு சுவிசேஷத்தின் 18-ஆம் அதிகாரத்தில் உள்ளது. தவறு செய்த சகோதரரிடம் முதலில் தனியே பேசவேண்டும். கேளாவிட்டால் ஓரிருவரை உடன்கொண்டு பேசவேண்டும். அதற்கும் இசையாவிட்டால் சபைக்குச் சொல்லவேண்டும். சபைக்கும் செவிகொடாதவரையே விலக்கவேண்டும். முறை எளிது. ஆனால் ஊர்ப் பஞ்சாயத்தில் எல்லாருக்கும் முன்பாக நிறுத்தி விசாரிப்பதையே நியாயமாகக் கண்டு பழகிய நாட்டில், முதற்பேச்சு பிறர் அறியாமல் நடக்கவேண்டும் என்பது புதுமையாகவே இருந்திருக்கும்.

இதனால் படுகை நாட்டார் திருத்துதலை அறியாதிருந்தனர் என்று கொள்வது பிழை. திருவாரூரின் நினைவிலேயே இருவகைத் திருத்தங்கள் நிலைபெற்றிருக்கின்றன. கன்றை இழந்த பசுவுக்கு ஈடாகத் தன் மகனைத் தேர்க்காலில் இட்ட மனுநீதிச் சோழனின் கதை ஒன்று. முறை பிறழாமை அங்கே முழுமையடைகிறது, திருந்துவதற்கு ஒருவர் எஞ்சுவதில்லை. மற்றொன்று விறன்மிண்டரின் கதை. தேவாசிரிய மண்டபத்தில் கூடியிருந்த அடியாரை வணங்காது சுந்தரர் நேரே கோயிலுக்குள் சென்றார் என்று கண்ட விறன்மிண்டர், சுந்தரரையும் அவரை ஆட்கொண்ட இறைவனையுமே அடியார் கூட்டத்துக்குப் புறம்பானவர் என்று விலக்கினார் என்றும், அக்கடிதலிலிருந்தே திருத்தொண்டத்தொகை பிறந்தது என்றும் பெரியபுராணம் கூறும். கடிந்துகொள்ளப்பட்டவர் கோபித்துக்கொண்டு போகாமல் தாம் வணங்காது கடந்தவர்களைப் பாடத் தொடங்கினார். கடிந்தவரும் அப்பாட்டில் இடம்பெற்றார். சைவ மரபு தனக்கே உரிய வகையில் பாதுகாத்துவைத்த இந்நிகழ்ச்சியை, திருத்துதல் என்றால் என்னவென்று விளக்க வந்த எந்தச் சமயத்தாரும் பொறாமையோடு பார்க்கலாம்.

சீகன்பால்கு இந்த மண்ணின் அறவுரை நடையைத் திண்ணைப் பள்ளியிலிருந்து கற்றார். வந்த சில மாதங்களுக்குள் தமிழ்ச் சிறுவரோடு அமர்ந்து மணலில் எழுத்துப் பழகிய அவர், 1708-இல் நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி ஆகிய மூன்றையும் ஜெர்மன் மொழியில் பெயர்த்தார். தாம் தேடிச் சேர்த்த தமிழ்ச் சுவடிகளுக்கு ஒரு பட்டியலும் அதே ஆண்டில் அமைத்தார். தமிழ்ப் பிள்ளைகள் நெறியை எந்தக் குரலில் கேட்டு வளர்கிறார்கள் என்பதை இந்நூல்களே அவருக்கு அறிவித்தன. செய் என்றும் செய்யாதே என்றும் ஓர் அடியில் முடியும் அக்குரல், மனனம் செய்ய எளிது. ஆனால் தவறிய ஒருவரோடு நின்று பேசும் குரல் அதுவன்று. வாய்பாட்டைப் போலச் சொல்லும் நீதிக்கும் ஆளறிந்து சொல்லும் புத்திக்கும் உள்ள இடைவெளியை நிரப்பவேண்டிய பொறுப்பு உபதேசியார்மீது விழுந்தது. அதற்காகவே 1716-இல் தரங்கம்பாடியில் ஒரு பயிற்சிப் பள்ளி தொடங்கப்பட்டது.

இப்பள்ளிக்கு இணையான ஏற்பாடு கத்தோலிக்கரிடத்தில் ஒரு நூலின் வடிவில் கிடைத்தது. கொள்ளிடத்துக்கு வடகரையில் ஏலாக்குறிச்சியில் பணிசெய்த வீரமாமுனிவர், 1720-களின் பிற்பகுதியில் வேதியர் ஒழுக்கம் என்னும் உரைநடை நூலை இயற்றினார். தேம்பாவணியை எழுதிய அதே கை, செய்யுளை விட்டு, உபதேசியார் வாசித்து விளங்கிக்கொள்ளும்படியான நடையில், அவர் எப்படி நடக்கவேண்டும் என்று எழுதியது. தமிழ் உரைநடையின் தொடக்ககால நூல்களுள் ஒன்றாக இலக்கிய வரலாற்றாசிரியர்கள் அதை மதிப்பதும் இக்காரணத்தாலேயே. அந்நூலின் அடிப்படைக் கருத்து, பிறரைத் திருத்த வந்தவர் முதலில் திருந்தியிருக்கவேண்டும் என்பது. குருவானவர் ஆண்டுக்கு ஒருமுறையோ இருமுறையோதான் ஒரு சிற்றூருக்கு வரமுடிந்த காலத்தில், மீதி நாள்களெல்லாம் ஊரார் கண்முன் நின்ற ஒரே கிறிஸ்தவ மாதிரி வேதியரே ஆதலால், இது வெறும் பக்தி உபதேசமாக இருக்கவில்லை. நிர்வாகத் தேவையாகவே இருந்தது.

வீரமாமுனிவரின் மற்றொரு நூலையும் இதனோடு சேர்த்துப் படிப்பது பயன் தரும். பரமார்த்த குருவின் கதையில் மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்னும் ஐந்து சீடர்களும் அவர்களுக்கேற்ற குருவும் ஒருவர் அறியாமையை ஒருவர் வளர்க்கிறார்கள். சீடர் குருவின் சொல்லை எழுத்துக்கு எழுத்துப் பின்பற்றுகிறார்கள், குரு சீடர் சொன்னதையெல்லாம் நம்புகிறார், தவற்றைத் தவறென்று சொல்ல அக்கூட்டத்தில் ஒருவரும் இல்லை. 1822-இல் பெஞ்சமின் பாபிங்டன் லண்டனில் அச்சிட்டு வெளியிட்ட பின் இது சிறுவர் நகைச்சுவையாகப் பரவிவிட்டது. ஆயினும் உபதேசியார்களைப் பல்லாண்டு பயிற்றிய ஒருவரின் கையிலிருந்து வந்தது என்பதை நினைத்துப் பார்த்தால், சிரிப்புக்குள் ஓர் ஆசிரியரின் களைப்பும் தெரிகிறது.

தரங்கம்பாடி லுத்தரன் சபைகளில் திருத்துதல் நடந்த வழி வருமாறு. ஊர்களில் வைக்கப்பட்ட உபதேசியார்கள் குறித்த காலத்தில் தலைமையிடத்துக்கு வந்து, தாம் சந்தித்தவர்களையும் பேசியவற்றையும் அறிவித்தார்கள். பலர் தம் அறிக்கைகளை ஓலையில் எழுதினர். அவற்றின் சுருக்கம் ஜெர்மன் மொழியில் பெயர்க்கப்பட்டு, 1710 முதல் ஹாலே நகரில் தொடர்ந்து அச்சிடப்பட்ட மிஷன் செய்தித் தொகுப்புகளில் இடம்பெற்றது. சபைக்குள் மிக முக்கியமான தருணம் நற்கருணை, அதாவது அப்பமும் திராட்சரசமும் பகிரும் திருவிருந்து. அதில் பங்கு பெற விரும்புவோர் முன்னதாகவே பெயர் கொடுக்கவேண்டும் என்பது லுத்தரன் வழக்கம்; பெயர் கொடுத்தவரோடு குருவோ உபதேசியாரோ தனித்துப் பேசுவார்; பகை, குடி, இல்லறப் பிணக்கு ஏதேனும் இருப்பின் அது தீரும்வரை அவர் காத்திருக்கவேண்டும். விருந்துக்கு வராதே என்று சொல்வதற்கும், தீர்த்துக்கொண்டு வா என்று சொல்வதற்கும் இடையில் உள்ள வேறுபாட்டை உணர்ந்தவரே நல்ல உபதேசியார் என்று பெயரெடுத்தார். பகிரங்கமான பெருந்தவறுகளுக்குச் சபை விலக்கும், பின்பு எல்லார் முன்னும் அறிக்கையிட்டுத் திரும்பச் சேர்தலும் இருந்தன.

திருத்தியவர்களும் திருத்தப்பட்டார்கள், அது எப்போதும் மென்மையாக நடக்கவில்லை. சீகன்பால்கைத் தரங்கம்பாடித் தளபதி ஹாசியுஸ் 1708-ஆம் ஆண்டின் இறுதியில் சிறையிலிட்டு நான்கு மாதம் வைத்திருந்தார். அதைக்காட்டிலும் ஆழமாகக் காயப்படுத்தியது, கோபன்ஹேகனில் மிஷன் சங்கத்தின் செயலராயிருந்த கிறிஸ்தியான் வென்ட் எழுதிய கண்டனங்கள். கட்டடங்களும் பள்ளிகளும் எதற்கு, அப்போஸ்தலரைப் போல வெறுங்கையோடு நடந்து பிரசங்கித்தால் போதாதா என்பது வென்ட்டின் வாதம். வாதத்தில் ஓரளவு பொருள் இருந்தாலும், தரங்கம்பாடியைக் கண்ணாலும் பாராத ஒருவர் பல்லாயிரம் மைல் தொலைவிலிருந்து எழுதிய அச்சொற்கள், கப்பலில் மாதக்கணக்காக மிதந்து வந்து சேர்ந்தபோது, பதில் பேச எதிரில் ஆளில்லாத கடிதலாகவே இருந்தன. சீகன்பால்கு 1719 பிப்ரவரி 23-ஆம் நாள் 36 வயதில் மறைந்தார். உடன் உழைத்த குருண்ட்லர் அடுத்த ஆண்டு மறைந்தார். தனியே முகம் பார்த்துப் பேசு என்னும் மத்தேயுவின் முதற்படியை, அதைப் போதிக்க ஆளனுப்பிய சங்கமே தாண்டிப்போயிற்று.

அடுத்த தலைமுறையில் இருவர் தனித்துத் தெரிகின்றனர். ஒருவர் ஆரோன். கடலூரில் சைவ வேளாளக் குடும்பத்தில் ஆறுமுகம் என்னும் பெயரோடு பிறந்து, 1718-இல் ஞானஸ்நானம் பெற்று, உபதேசியாராகி, 1733 டிசம்பர் 28-ஆம் நாள் குருப்பட்டம் பெற்றார். இந்தியாவில் பிராட்டஸ்டண்ட் சபையில் அப்பட்டம் பெற்ற முதல் இந்தியர் அவரே. மாயவரம் பகுதியின் சிதறிய சபைகளைக் காத்து 1745-இல் மறைந்த அவர், ஐரோப்பிய ஐயர்மார் நுழையமுடியாத ஊர்களில் நற்கருணை கொடுக்கும் உரிமையோடு நடந்தார். மற்றவர் இராசநாயக்கன். பறையர் சமூகத்தில் கத்தோலிக்கராகப் பிறந்து, தஞ்சை மன்னரின் படையில் சேர்வைக்காரராக இருந்த அவர், தரங்கம்பாடியில் அச்சான சுவிசேஷங்களும் அப்போஸ்தலர் நடபடிகளும் அடங்கிய ஒரு பிரதியைப் படித்து மனம் மாறி, 1727-இல் லுத்தரன் சபையோடு இணைந்தார். மறு ஆண்டில் தஞ்சாவூரில் உபதேசியாரானார். படைவேலையை விட்டு, ஐரோப்பியர் கால்வைக்க முடியாத தலைநகரில் சபையை நடத்திய இவர், ஆற்றலிலும் துணிவிலும் ஆரோனுக்கு எவ்வகையிலும் குறைந்தவரல்லர். 1733-இல் குருப்பட்டத்துக்கு யாரைத் தெரிவது என்ற கேள்வி எழுந்தபோது இவர் பெயரும் பேசப்பட்டது. இவர் கையிலிருந்து நற்கருணை வாங்க வேளாளக் கிறிஸ்தவர்கள் இசையமாட்டார்கள் என்று மிஷனரிமார் அஞ்சினர், ஆரோன் தெரிந்தெடுக்கப்பட்டார்.

இம்முடிவைக் கடந்துபோவது எளிது. பெரும்பாலான மிஷன் வரலாறுகள் அப்படித்தான் கடந்துபோகின்றன. ஆனால் கனிவாகத் திருத்துதல் என்னும் பொருளுக்கு இதைக்காட்டிலும் கடினமான சோதனை வேறில்லை. சாதி வேறுபாட்டைச் சபைக்குள் வைத்துக்கொண்டவர்களிடம் ஐயர்மார் பொறுமை காட்டினர். ஆலயத்துக்குள்ளேயே இரு பகுதியாரும் விலகி அமர்ந்தனர். மெல்ல மெல்ல மாறும் என்று ஐயர்மார் காத்திருந்தனர். அந்தப் பொறுமையின் விலையைக் கொடுத்தவர் பொறுமை காட்டப்பட்டவரல்லர், இராசநாயக்கன்.

பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இம்மரபின் உச்சத்தைத் தஞ்சாவூரில் காணலாம். 1750-இல் தரங்கம்பாடிக்கு வந்து, திருச்சிராப்பள்ளியில் பணிசெய்து, 1778 முதல் தஞ்சாவூரையே இருப்பிடமாகக் கொண்ட கிறிஸ்தியான் பிரடரிக் சுவார்ட்ஸ், பயிற்சியை அன்றாட வழக்கமாக்கினார். காலையில் உபதேசியார்கள் அவர் வீட்டில் கூடி ஜெபித்து, வேதபுத்தகப் பகுதி ஒன்றைக் கேட்டு, அன்றைக்குப் போகவேண்டிய இடங்களுக்குப் பிரிந்து செல்வார்கள். மாலையில் திரும்பிவந்து, யாரைக் கண்டோம், என்ன கேட்டார்கள், என்ன விடை சொன்னோம் என்று விவரிப்பார்கள். விடை தவறியிருந்தால் அங்கேயே பேசித் திருத்திக்கொள்வார்கள். பிழை நடந்த அன்றே, பிழை செய்தவரின் வாயாலேயே வெளிப்பட்டு, உடன் உழைப்பவர் நடுவில் சரிசெய்யப்பட்டது என்பதே இதன் சிறப்பு. ஆண்டுக்கொருமுறை ஆய்வுக்கு வரும் அதிகாரியின் முன் ஒளிக்கவேண்டியவை, நாள்தோறும் உடனுண்பவர் முன் ஒளிக்கத் தேவையற்றவை ஆகிவிடுகின்றன.

சுவார்ட்ஸ் கண்டிப்பில்லாதவர் என்று இதனால் எண்ணிவிடக் கூடாது. தஞ்சாவூர் மராத்தியப் பிராமணக் குடும்பத்தில் பிறந்து கணவரை இழந்த பெண் ஒருவர், லிட்டில்டன் என்னும் ஆங்கில அதிகாரியோடு மணமின்றி வாழ்ந்த காலத்தில் ஞானஸ்நானம் கேட்டபோது அவர் மறுத்தார். அவ்வதிகாரி இறந்தபின் 1778-இல் பாளையங்கோட்டையில் கிளாரிந்தா என்னும் பெயரிட்டு ஞானஸ்நானம் கொடுத்தார். மறுக்கப்பட்ட ஆண்டுகளிலும் அப்பெண் சபையை விட்டு அகலவில்லை. பின்பு பாளையங்கோட்டைச் சபைக்கு ஆலயம் எழுப்பியவரும் அவரே. அச்சபையை வளர்க்க 1785-இல் சுவார்ட்ஸ் அனுப்பிய உபதேசியார் சத்தியநாதன், 1790 டிசம்பர் 26-ஆம் நாள் தஞ்சாவூரில் குருப்பட்டம் பெற்றார். அன்று அவர் தமிழில் செய்த பிரசங்கம் ஆங்கிலத்தில் பெயர்க்கப்பட்டு 1792-இல் லண்டனில் அச்சாயிற்று. பயிற்றப்பட்டவரின் சொல் பயிற்றுவித்தவர்களின் நாட்டுக்குப் போய் வாசிக்கப்பட்டது இம்மரபில் ஒரு திருப்பம். சுவார்ட்ஸின் சொல்லுக்கு வெளியிலும் மதிப்பு இருந்தது. வரிக்கொடுமையால் நிலத்தை விட்டு ஓடிய உழவர்கள், அரசின் வாக்கை நம்பாமல், அவர் வாக்கு கொடுத்தபின் ஆயிரக்கணக்கில் திரும்பிவந்தனர். அதே மதிப்பினால் இளவரசர் சரபோஜியின் வளர்ப்பும் அவர் பொறுப்பாயிற்று. 1798-இல் அவர் மறைந்தபின் சரபோஜி மன்னர் தம் செலவில் பளிங்குச் சிற்பம் செய்வித்துத் தஞ்சைக் கோட்டை ஆலயத்தில் நிறுவினார்.

சுவார்ட்ஸின் கையில் வளர்ந்த இன்னொருவர் வேதநாயக சாஸ்திரியார். 1774-இல் பாளையங்கோட்டையில் பிறந்து, சிறுவனாகச் சுவார்ட்ஸோடு தஞ்சாவூருக்கு வந்து, பெத்லகேம் குறவஞ்சி முதலியவற்றைப் பாடிப் புகழ்பெற்ற இக்கவிராயர், 1820-களில் வந்த புதிய மிஷனரிமாரோடு கடுமையாக மோதினார். பழகிய வேதபுத்தக மொழிபெயர்ப்பைத் திருத்தியது, சாதிவாரியாக அமர்ந்தவர்களைக் கட்டாயப்படுத்திக் கலந்து உட்காரவைத்தது, திருநாள்களில் மலரலங்காரத்தைத் தடுத்தது, தமிழ் இசைப்பாட்டை ஆலயத்தினின்று விலக்கியது என நான்கு குற்றங்களை அவர்மீதும் இவர்மீதுமாக அல்லாமல் அம்முறையின்மீதே சாட்டினார். இதனால் மிஷன் பணியையும் இழந்தார். இந்நான்கையும் ஒரே தராசில் இடுவது சரியன்று. இசையிலும் மலரிலும் சாஸ்திரியார் கண்டதே சரி என்று காலம் காட்டிவிட்டது. அவர் பாடல்கள் இன்றும் தமிழ்ச் சபைகளில் பாடப்படுகின்றன. இருக்கை விஷயத்தில் அவர் பழைய வசதியைக் காத்தார். மெல்லத் திருத்துங்கள் என்ற அவர் கோரிக்கை, நூறாண்டு மெல்லத் திருத்தியும் திருந்தாத ஒன்றைக் குறித்தது.

இதற்குள் நாடு ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்துவிட்டது. சபையின் பின்னால் ஆளுவோரின் நிழல் நின்றது. 1826-ஆம் ஆண்டு ஈஸ்டர் திருநாளைத் தஞ்சாவூரில் கொண்டாடிய கல்கத்தா பிஷப் ரெஜினால்டு ஹீபர், சாதி வழக்கைக் குறித்து விசாரித்து, பொறுத்துப் போகலாம் என்னும் பக்கமே சாய்ந்தார். சில நாள்களில் திருச்சிராப்பள்ளியில் நீரில் மூழ்கி இறந்தார். பின்வந்த பிஷப் டேனியல் வில்சன், 1833 ஜூலையில் சுற்றறிக்கை ஒன்றை விடுத்து, சாதி வேறுபாட்டை உடனடியாகவும் முற்றாகவும் கைவிடவேண்டும் என்று ஆணையிட்டார். 1835-இன் தொடக்கத்தில் தாமே தஞ்சாவூருக்கு வந்தார். பலர் சபையை விட்டு விலகினர். சிலர் பின்பு 1840-களில் தரங்கம்பாடிக்கு வந்த லைப்சிக் லுத்தரன் மிஷனில் சேர்ந்தனர். அம்மிஷனின் தலைவரும் திருக்குறளை ஜெர்மன் மொழியில் பெயர்த்தவருமான கார்ல் கிரவுல், சாதியைப் போதனையால் படிப்படியாகக் கரைக்கவேண்டும், ஆணையால் வெட்டக் கூடாது என்று வாதிட்டார். மற்ற மிஷன்கள் அவரைக் கண்டித்தன.

வில்சனின் ஆணையைக் குறித்து இரு தீர்ப்புகளும் ஒருங்கே சொல்லவேண்டும். அவர் சொன்னது சரி; ஒரே பாத்திரத்தில் பருக மறுப்பவர்கள் ஒரே விருந்தில் இருப்பதாகச் சொல்வதில் பொருளில்லை. அவர் சொன்ன விதம், தனியே பேசுதலையும் ஓரிருவரோடு பேசுதலையும் விட்டு, நேரே கடைசிப் படியில் ஏறி நின்றது. கல்கத்தாவிலிருந்து வந்த தாளை வாசித்துக் காட்டவேண்டியிருந்த உபதேசியார், தலைமுறையாகப் பழகிய வீடுகளின் வாசலில், சொல்லத் தம்மிடம் சொந்தச் சொல் எதுவுமின்றி நிற்கவேண்டியதாயிற்று. கடிதத்தைக் கொண்டுபோனவராக அவர் மாறிய அன்றே அவரது பழைய வேலை பாதி போயிற்று.

திருவாரூர் மாவட்டத்தில் இன்று அடங்கியுள்ள மன்னார்குடியில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பணியைத் தொடங்கிய வெஸ்லியன் மெதடிஸ்டுகள் வேறொரு முறையைக் கொண்டுவந்தனர். 1742-இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் ஆலயக் கடனை அடைக்க ஒருவர் பன்னிருவரிடம் வாரம் ஒரு பென்னி வசூலிக்கத் தொடங்கியபோது, வீடுவீடாகப் போனவர் குடும்ப நிலையையும் அறியலானார். ஜான் வெஸ்லி அதையே சிறுகுழுக் கூட்டமாக அமைத்தார். வாரந்தோறும் பன்னிருவர் கூடி, தம் வாழ்வைத் தாமே விவரித்து, ஒருவரையொருவர் கேட்டறிவது அதன் முறை. காலாண்டுக்கொருமுறை உறுப்பினர் சீட்டு புதுப்பிக்கப்படும். திருத்தும் பொறுப்பைச் சம்பளம் பெறும் ஒருவரிடமிருந்து எடுத்து எல்லாருக்கும் பகிர்ந்த இம்முறை அருமையானது. ஆனால் மன்னார்குடியில் அம்மிஷனின் பெயரை நிலைநிறுத்தியது குழுக்கூட்டமன்று, பின்லே பள்ளியே. படுகையின் ஊர்களில் ஆசிரியரே உபதேசியாராகவும் இருந்ததால், பாடம் கற்பிப்பதும் புத்தி சொல்வதும் ஒரே திண்ணையில் நடந்தன.

1919-இல் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை தன்னாட்சி பெற்றது; அதன் முதல் தமிழ்ப் பேராயராக ராஜா மாணிக்கம் 1956-இல் பொறுப்பேற்றார். ஆங்கிலிக்கரும் மெதடிஸ்டுகளும் பிறரும் 1947-இல் தென்னிந்தியத் திருச்சபையாக இணைந்தனர். குருமார் பெருகப் பெருக உபதேசியார் வேலை சுருங்கிற்று. நற்கருணைக்குப் பெயர் கொடுக்கும் வழக்கம் பல இடங்களில் பெயரளவில் நின்றது.

இம்மரபை மீட்கவேண்டும் என்று ஏங்குவோர், அதன் கனிவோடு அதன் கணக்கையும் ஏற்கவேண்டும். சீகன்பால்கின் சிலையும் சுவார்ட்ஸின் பளிங்கும் நிற்கும் இச்சீமையில், 1741-இல் குருப்பட்டத்துக்கு மறுபடியும் ஆள் தேடியபோது இராசநாயக்கன் இரண்டாம் முறையாகப் பேசப்பட்டு, இரண்டாம் முறையாகக் கடந்துவிடப்பட்டார். அவ்வாண்டு தியோகுவும் 1749-இல் அம்புரோசும் பட்டம் பெற்றனர். இராசநாயக்கன் சபையை விட்டுப் போகவில்லை. 1771-இல் மறைந்தபோது தஞ்சாவூரில் நாற்பத்துமூன்று ஆண்டுகள் பணிசெய்து முடித்திருந்தார். அப்போதும் உபதேசியாராகவே இருந்தார்.